ஒரு பேரிங்கில் தொங்கும் உயிர்!

காற்றாடி விமானத்தில் அதை எப்போது கழற்றி மாற்றுவது?

ஆகாயத்தில் ஆயிரம் அடி உயரம். ஒரு சின்னஞ்சிறு விமானம் பறந்துகொண்டு இருக்கிறது. அதில் ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்து இருக்கிறார்.

அவருக்குப் பக்கத்தில் சுவர் இல்லை. தலைக்கு மேல் கூரை இல்லை. நாற்காலி போல ஓர் இருக்கை. முதுகுக்குப் பின்னால் ஓர் என்ஜின். தலைக்கு மேலே, ஒரு முனையில் இருந்து மறு முனை வரை 20 அடி நீளத்துக்கு, மெல்லிய இறக்கைகள் இரண்டு சுழலுகின்றன. அவ்வளவுதான் விமானம்!

அந்த இறக்கைகள்தான் அவரை ஆகாயத்தில் தாங்கிப் பிடித்து இருக்கின்றன. சரி, இறக்கைகளுக்கும் அவருக்கும் நடுவே இருப்பது என்ன?

ஓர் இரும்பு வளையம். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் பெயர் பேரிங்.

மனிதரின் எடை, என்ஜினின் எடை, பெட்ரோலின் எடை எல்லாம் அந்த வளையத்தில்தான் தொங்குகின்றன. அது இறுகிப்போய்ச் சுழல மறுத்தால், மேலே சுற்றும் இறக்கைகளின் வேகம் குறையும். இறக்கைகள் நின்றுபோனால் விமானம் கல்லைப்போல் விழும். ஒன்று கெட்டால் இன்னொன்று என்று மாற்று ஏற்பாடு எதுவும் அங்கே கிடையாது.

அப்படியானால் அந்தப் பேரிங்கை எப்போது மாற்ற வேண்டும்? கெட்ட பிறகா? கெடுவதற்கு முன்பா? முன்பு என்றால், எவ்வளவு முன்பு?

இந்த விமானம் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். மூன்று பேர் சந்தித்தால் சண்டையே வந்துவிடும்!

ஓலைக் காற்றாடி

பனை ஓலையில் காற்றாடி செய்து, அதை முள்ளில் குத்திப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து இருப்பீர்கள். ஓடினால் காற்றாடி சுற்றும். நின்றால் அதுவும் நிற்கும். அதைச் சுற்றவைக்க எந்திரம் எதுவும் வேண்டாம். எதிர்க்காற்றே சுற்றிவிடுகிறது.

ஜைரோப்ளேன் என்ற விமானமும் அப்படித்தான். பார்ப்பதற்கு ஹெலிகாப்டரின் தம்பிபோல இருக்கும். ஆனால் குணம் வேறு. ஹெலிகாப்டரில் மேலே உள்ள இறக்கையை என்ஜின் சுழற்றுகிறது. ஜைரோப்ளேனில் என்ஜின் விமானத்தை முன்னால் தள்ளுவதோடு சரி. பறக்கும்போது மேல் இறக்கையைச் சுற்றுவது காற்று.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. நடுவானில் என்ஜின் நின்றுபோனாலும் மேல் இறக்கை நிற்காது. விமானம் இறங்க இறங்க, கீழிருந்து வரும் காற்று அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பதற்றப்படாத விமானி ஒரு சின்ன மைதானத்தில் பத்திரமாக இறங்கிவிடலாம்.

என்ஜின் இல்லாவிட்டால் பிழைக்கலாம். பேரிங் இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு பேச்சு.

கீல் வைத்த இறக்கை

இந்த விமானத்தைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டு என்ஜினீயர் ஹுவான் டி லா சியர்வா. 1895-ம் ஆண்டில் பிறந்தவர்.

1919-ம் ஆண்டில் அவர் மூன்று என்ஜின்கள் வைத்த ஒரு பெரிய விமானத்தைச் செய்தார். தரைக்குப் பக்கத்தில் பறந்தபோது அதன் வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததும் இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்தன. விமானம் விழுந்து நொறுங்கியது.

சியர்வா யோசித்தார். "விமானத்தின் வேகம் குறையட்டும். இறக்கையின் வேகம் குறையக்கூடாது. அதற்கு என்ன வழி?" இந்த யோசனையில் பிறந்ததுதான் தலைக்கு மேல் சுழலும் இறக்கை. அதற்கு அவர் வைத்த பெயர் ஆட்டோஜைரோ.

முதலில் செய்த மூன்று விமானங்களும் தோற்றன. ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தன. பிறகு, இறக்கைகளை விறைப்பாகப் பிணைக்காமல், கதவுக்குக் கீல் வைப்பதுபோல் கீல் வைத்துப் பிணைத்தார். இறக்கைகள் கொஞ்சம் மேலும் கீழும் அசைய இடம் கிடைத்தது. 1923-ம் ஆண்டு ஜனவரி மாதம், மாட்ரிட் நகருக்குப் பக்கத்தில் உள்ள கெட்டாபே மைதானத்தில் அவருடைய நான்காவது விமானம் பறந்தது.

1928-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, சியர்வா தாமே ஓட்டிக்கொண்டு இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டிப் பாரிசுக்குப் போனார்.

நடுவில் ஒரு விபத்து. 1927-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹாம்பிள் என்ற இடத்தில் பிராங்க் கோர்ட்னி என்ற விமானி ஆட்டோஜைரோவை ஓட்டினார். பறந்துகொண்டு இருக்கும்போதே இறக்கை பிய்ந்துபோயிற்று! அவர் காயத்தோடு உயிர் தப்பினார். இறக்கைகளுக்கு மேலும் கீழும் அசைய மட்டும் அல்ல, முன்னும் பின்னும் கொஞ்சம் அசையவும் இடம் வேண்டும் என்று அந்த விபத்து காட்டியது. அதற்கும் ஒரு கீல் வந்தது.

இறக்கை சேரும் அந்த உச்சி இடத்துக்கு ரோட்டார் தலை என்று பெயர். ஜைரோப்ளேனின் சரித்திரத்தைப் படித்தால், பாதிச் சரித்திரம் அந்தத் தலையில்தான் நடக்கிறது.

சியர்வாவின் முடிவு சோகமானது. 1936-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள கிராய்டனில் ஒரு பயணிகள் விமானம் மூடுபனியில் புறப்பட்டு, உயரே ஏறாமல் வீட்டில் மோதியது. அதில் அவர் பயணியாகப் போனார். இறந்துபோனார். அது அவர் கண்டுபிடித்த ஆட்டோஜைரோ அல்ல. சாதாரண விமானம்!

வீட்டில் கட்டும் விமானம்

சியர்வாவுக்குப் பின் ஹெலிகாப்டர் வந்தது. ஆட்டோஜைரோவை உலகம் ஏறக்குறைய மறந்தே போயிற்று.

அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தவர் இகோர் பென்சன். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். வட கரோலினா மாநிலத்தில் ராலே நகரத்தில் கம்பெனி வைத்தார். அவருடைய என்ஜின் வைத்த ஜைரோ விமானம் 1955-ம் ஆண்டில் பறந்தது.

பென்சன் செய்த புதுமை என்ன? விமானத்தின் வரைபடத்தையும், அதைக் கட்டுவதற்கான சாமான்களையும் விற்றார். கொஞ்சம் கைவேலை தெரிந்தவர், தம் வீட்டுக் கொட்டகையிலேயே விமானத்தைக் கட்டிக்கொள்ளலாம்! ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மொத்த எடை சுமார் 227 கிலோ.

சினிமா ரசிகர்கள் இந்த ஜாதி விமானத்தை நிச்சயம் பார்த்து இருப்பார்கள். 1967-ம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ்பாண்டு படத்தில், நாலு ஹெலிகாப்டர்களோடு ஒரு குட்டி விமானம் சண்டை போடுமே, அது ஜைரோப்ளேன்தான். அதைக் கட்டியவரும், ஜேம்ஸ்பாண்டுக்குப் பதிலாக அதில் பறந்தவரும் இங்கிலாந்துக்காரர் கென் வாலிஸ். 2013-ம் ஆண்டில், 97-வது வயதில், அவர் காலமானார்.

இப்போது தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து விற்கிறார்கள். வீட்டில் கட்டிப் பறக்கிறவர்களும் இருக்கிறார்கள். தம் கையாலேயே கட்டியவருக்குத்தான் பேரிங் கவலை அதிகம். மெக்கானிக்கும் அவரே, விமானியும் அவரே!

சைக்கிளில் இருப்பது

பேரிங் என்பது புதிய சமாசாரம் அல்ல. சைக்கிள் சக்கரத்தைக் கழற்றினால் நடுவில் இருந்து சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் கொட்டும். சைக்கிள் கடைக்காரர் அதைப் பால்ரஸ் என்பார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு வளையம். நடுவில் குண்டுகள். குண்டுகள் உருளுவதால் வளையம் உராயாமல் சுற்றுகிறது. இதுதான் பேரிங்.

ஜைரோப்ளேனின் தலையில் உள்ளதும் அதன் அண்ணன்தான். வீட்டில் கட்டும் விமானங்களில் அதிகமாகப் பார்க்கக்கூடிய ஒரு வகையில் குண்டுகள் இரண்டு வரிசையாக இருக்கும். நடு ஓட்டை 30 மில்லிமீட்டர். வெளி விட்டம் 62 மில்லிமீட்டர். கனம் 24 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. விமானத்துக்கு என்றே செய்தது அல்ல. பம்புகளிலும் மற்ற எந்திரங்களிலும் ஓடுகிற அதே அளவு.

"இவ்வளவு சிறியது எவ்வளவு நாள் தாங்கும்?"

இதற்குக் கணக்கு இருக்கிறது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இருவர் 1947-ம் ஆண்டில் அந்தக் கணக்கை உலகத்துக்குத் தந்தார்கள். குண்டு பேரிங்குக்கு அவர்கள் சொன்ன விதி இது: சுமை பாதியானால் ஆயுள் எட்டு மடங்கு ஆகும். சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

நாம் சொன்ன அளவுள்ள பேரிங், ஏறக்குறைய 3 டன் சுமையோடு 10 லட்சம் சுற்றுச் சுற்றும். ஜைரோப்ளேனில் அது தூக்குவதோ, சுமார் 200 கிலோ. நிமிடத்துக்கு 400 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 24 ஆயிரம் சுற்று. எட்டு மடங்கு விதியைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். ஆயுள் பல ஆயிரம் மணி நேரம் வருகிறது!

ஆண்டுக்கு 100 மணி நேரம் பறக்கிற மனிதருக்கு அது பேரன் காலம் வரை போதும்.

ஆனால் விமானம் செய்கிறவர்களின் புத்தகத்தைப் புரட்டினால் அப்படி எழுதி இருக்காது. ஒருவர் சில நூறு மணி நேரத்தில் மாற்றச் சொல்லுவார். இன்னொருவர் அதைவிட நீண்ட கெடு வைப்பார். யாருமே "பேரன் காலம் வரை ஓட்டு" என்று சொல்லமாட்டார்கள். ஏன்?

ஒரு காரணம் அந்தக் கணக்கிலேயே ஒளிந்து இருக்கிறது. 100 பேரிங்கில் 90 பேரிங் அந்த ஆயுளைத் தாண்டும் என்பதுதான் கணக்கின் பொருள். மீதிப் பத்து அதற்கு முன்பே போய்விடலாம். நம் தலைக்கு மேல் இருப்பது தொண்ணூறில் ஒன்றா, பத்தில் ஒன்றா? அதைக் கடைக்காரராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். சுத்தமான கிரீஸ், தூசி இல்லாத இடம், கோணாமல் பொருத்திய வளையம், இவை எல்லாம் இருந்தால்தான் அந்தக் கணக்கு. திறந்த வெளியில் நிற்கும் விமானத்துக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. உண்மையில் இந்தப் பேரிங்குக்கு எமன் ஆகாயத்தில் இருப்பதைவிடத் தரையில்தான் அதிகம்.

ஓடாமலே தேய்ந்த கார்கள்

அமெரிக்காவில் ஒரு விசித்திரம் நடந்தது. 1930-ம் ஆண்டுகளில் டெட்ராய்ட் நகரத்துத் தொழிற்சாலைகளில் இருந்து புத்தம் புதிய கார்களை ரெயிலில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பினார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்த கார்களில் சிலவற்றின் சக்கரப் பேரிங்குகள் கெட்டுப்போய் இருந்தன! கார் ஒரு மைல் கூட ஓடவில்லை. அசையாமல் கட்டித்தான் அனுப்பினார்கள். பிறகு எப்படி?

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஆல்மென் என்பவர் ஆராய்ந்து 1937-ம் ஆண்டில் எழுதினார். அசையாமல் கட்டியதுதான் தவறு!

பேரிங் சுற்றினால், கிரீஸ் எல்லாக் குண்டுகளுக்கும் பரவும். சுற்றாமல் ஒரே இடத்தில் நின்றுகொண்டு அதிர்ந்தால், குண்டு உட்கார்ந்து இருக்கும் இடத்தில் மட்டும் கிரீஸ் விலகிவிடும். இரும்பும் இரும்பும் நேராக உரசும். செம்பழுப்பாகத் துரு போன்ற பொடி உதிரும். ரெயில் தடதடவென்று போகப் போக, ஒவ்வொரு குண்டின் கீழும் ஒரு சிறு பள்ளம் விழுந்துவிடும்.

ஜைரோப்ளேனுக்கு இது அப்படியே பொருந்தும். வீட்டில் விமானம் வைத்து இருப்பவர், அதை டிரெய்லரில் ஏற்றி, காரில் கட்டி இழுத்துக்கொண்டுதான் மைதானத்துக்குப் போவார். சோம்பலில் இறக்கைகளைக் கழற்றாமல் போனால் என்ன ஆகும்? ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றிலும் நீண்ட இறக்கைகள் மேலும் கீழும் துள்ளும். பாரம் முழுவதும் நடுவில் உள்ள பேரிங்கில் அடியாக விழும். பேரிங்கோ சுற்றவில்லை. டெட்ராய்ட் காரின் கதைதான்!

இரண்டு மணி நேரம் பறந்துவிட்டு நாலு மணி நேரம் ரோட்டில் குலுங்கும் விமானங்கள் இருக்கின்றன. பறந்த இரண்டு மணி நேரம் மட்டும்தான் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். ரோட்டில் குலுங்கிய நாலு மணி நேரத்தை யார் எழுதுகிறார்கள்? "100 மணி நேரம்தானே ஓடியது, அதற்குள் எப்படிப் போயிற்று?" என்று தலையைச் சொறிகிறவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது.

மழை இன்னோர் எதிரி. ரோட்டார் தலைதான் விமானத்தில் உச்சி. மழைத் தண்ணீர் முதலில் விழுவது அங்கே. மூடாமல் வெளியே நிறுத்தினால், அல்லது வேகமாகப் பீச்சும் குழாயால் கழுவினால், தண்ணீர் மெல்ல உள்ளே புகும். உள்ளே துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே ஓர் உறை போட்டுக் கட்டினாலே பாதித் தொல்லை தீரும். கடலோரத்தில் உப்புக் காற்று வேறு.

மாதக்கணக்கில் பறக்காமல் நிறுத்தி வைப்பதும் கெடுதல்தான். அப்போது போகும் வழியில் இறக்கையைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிடுகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள். கிரீஸ் மறுபடியும் பரவும்.

விரல் சொல்லும் சேதி

பேரிங் திடீரென்று கெடுவது குறைவு. பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

இறக்கைகளைக் கழற்றிவிட்டு, தலையை மட்டும் விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். நல்ல பேரிங் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு சுற்றும். மணல் இருப்பதுபோல் நெருடினால், கடிகாரம் போல் கட்டுக் கட்டாகத் தடைபட்டால், குண்டுகளின் கீழ்ப் பள்ளம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். இறக்கையோடு சுற்றிப் பார்த்தால் இது தெரியாது. இறக்கையின் கனம் அந்தச் சின்ன நெருடலை விழுங்கிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பழகியவர்களே இதைக் கோட்டை விடுவது உண்டு.

பேரிங்கில் குண்டுகள் இரண்டு வரிசை என்று சொன்னோம் அல்லவா? விமானம் தரையில் நிற்கும்போது இறக்கையின் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. அதை ஒரு வரிசை தாங்குகிறது. பறக்கும்போதோ இறக்கை மேலே இழுக்கிறது. விமானம் கீழே தொங்குகிறது. அப்போது சுமையைத் தாங்குவது மற்ற வரிசை! ஆகவே தரையில் சும்மா சுற்றிப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்று சொன்னால், வானத்தில் வேலை செய்கிற வரிசையைச் சோதிக்கவே இல்லை என்று பொருள். தலையை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டும் ஒரு முறை சுற்ற வேண்டும். கீழ்நோக்கி அழுத்திக்கொண்டும் ஒரு முறை சுற்ற வேண்டும்.

பிறகு ஆட்டம். தலையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் டக் டக் என்று ஆடக்கூடாது. ஓரத்தில் கசியும் கிரீஸையும் பார்க்க வேண்டும். பழுப்பு நிறமாக இருந்தால் உள்ளே துரு. விரலில் தேய்த்தால் மினுமினுப்பாக இருந்தால் உள்ளே இரும்பு அரைபடுகிறது. பறந்து இறங்கியவுடன் தொட்டுப் பார்த்தால், என்றைக்கும் இல்லாத சூடு இருக்கிறதா? மெக்கானிக்குகள் நீண்ட திருப்புளியின் ஒரு முனையைத் தலையில் வைத்து, மறு முனையைக் காதருகே வைத்து, உள்ளே கரகரப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். டாக்டரின் குழாய் மாதிரி!

ஆனால் எல்லாப் பழியையும் பேரிங்கின் மேல் போட்டுவிடக் கூடாது. பறக்கும்போது விமானியின் கையில் உள்ள ஓட்டுக்கோல் நடுங்கினால், உடனே "பேரிங் போயிற்று" என்று ஓடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். இரண்டு இறக்கைகளின் எடை சமமாக இல்லாமல் இருக்கலாம். ஒன்று சற்று உயர்ந்தும் ஒன்று சற்றுத் தாழ்ந்தும் சுற்றலாம். புதுப் பேரிங் போட்டும் நடுக்கம் தீரவில்லையே என்று அப்புறம் புலம்பி என்ன பயன்?

அடிக்கடி மாற்றலாமா?

"ஆராய்ச்சி எதற்கு? விலை குறைந்த சாமான். மாதம் ஒன்று மாற்றிவிட்டால் போயிற்று!" இப்படிச் சொல்லத் தோன்றும்.

இங்கேதான் இரண்டாம் உலகப் போரின் கதை ஒன்று குறுக்கே வருகிறது.

ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடப் பிரிட்டிஷ் விமானப்படை பெரிய விமானங்களை அனுப்பிக்கொண்டு இருந்தது. ஒவ்வொரு 50 மணி நேரப் பறப்புக்கும் ஒரு தடவை விமானத்தைப் பிரித்துச் சோதிப்பார்கள். வாடிங்டன் என்ற உயிரியல் விஞ்ஞானி கணக்குகளை எடுத்துவைத்துப் பார்த்தார். சோதனை முடிந்தவுடன் பழுதுகள் குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. கூடின! சோதனை முடிந்த கொஞ்ச நேரத்தில்தான் பழுதுகள் அதிகமாக வந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன.

நன்றாக ஓடிக்கொண்டு இருந்ததைக் கழற்றி மாட்டியதே பாதிக் கோளாறுக்குக் காரணம்! சோதனை முறையை மாற்றினார்கள். விமானங்கள் பறந்த நேரம் கூடியது.

பேரிங்கிலும் இதே ஆபத்து உண்டு. புதுப் பேரிங்கை அதன் கூட்டில் அழுத்திப் பொருத்த வேண்டும். இறுக்கமாக உட்கார வேண்டிய வளையம் எதுவோ, அதன்மீது மட்டும்தான் அழுத்த வேண்டும். தெரியாதவர் சுத்தியலை எடுத்து மற்ற வளையத்தில் அடித்தால், அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும். ஒவ்வொரு குண்டும் வளையத்தில் ஒரு குழி பதிக்கும். புதுப் பேரிங், ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு முன்பே பழசு!

இந்தக் குழிக்கு மெக்கானிக்குகள் வைத்து இருக்கும் பெயர், சுவீடன் என்ஜினீயர் பிரினெல்லின் பெயர். 1900-ம் ஆண்டில், இரும்பின் உறுதியை அளக்க ஒரு குண்டை அதன்மீது அழுத்திக் குழியை அளக்கும் முறையை அவர் உலகுக்குக் காட்டினார். பாவம், நல்ல காரியத்துக்காகக் குழி விழவைத்தவர். சுத்தியல்காரர்கள் அவர் பெயரைக் கெடுக்கிறார்கள்!

மேலும் தலையைக் கழற்றினால் பல நட்டுகளையும் போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது, நட்டு தளராமல் இருக்க மாட்டும் ஒரு சின்னக் காட்டர் பின்னை மறந்துவிட்டால்? பழைய பேரிங்கைவிட அது பெரிய ஆபத்து.

ஆகவே மாதம் ஒன்று என்பதும் சரி அல்ல. "சத்தம் போட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்பதும் சரி அல்ல. பம்பு செட்டில் பேரிங் போனால் பம்பு நிற்கும், அவ்வளவுதான். ஜைரோப்ளேனில் உயிர் அதில் தொங்குகிறது.

மாற்றும் நாள்

நிதானமான விமானிகள் செய்வது இது.

விமானத்தைச் செய்தவர் புத்தகத்தில் எத்தனை மணி நேரம் என்று எழுதி இருக்கிறாரோ, அதுதான் கடைசிக் கெடு. பேரிங் எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் அன்றைக்கு அதற்கு ஓய்வு. அந்தக் கெடு கணக்குப் போட்டு வந்த ஆயுளைவிடக் குறைவுதான். ரோட்டுக் குலுக்கல், மழை, தூசி இவற்றை நினைத்து வைத்த கெடு அது.

கெடுவுக்கு முன்பு விரலுக்கு நெருடினால், அன்றைக்கே மாற்ற வேண்டும். "இன்னும் 50 மணி நேரம் பாக்கி இருக்கிறதே!" என்று பேரம் பேசக்கூடாது. கெடு என்பது அதற்கு மேல் ஓட்டாதே என்று சொல்லுவது. அதுவரை ஓடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சுழலும் இறக்கை தரையிலோ மரத்திலோ மோதினால், அல்லது விமானம் கவிழ்ந்தால், அப்போது மணிக்கணக்கைப் பார்க்க வேண்டாம். நேற்றுப் போட்ட பேரிங் ஆனாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். அந்த ஒரு அடியில் அதற்கு என்ன நேர்ந்தது என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது.

வாங்கும் இடத்திலும் கவனம் தேவை. பெயர் பெற்ற கம்பெனிகளின் முத்திரையைப் போட்டுப் போலிப் பேரிங்குகள் உலகச் சந்தையில் நடமாடுகின்றன. பெட்டி அசல் போலவே இருக்கும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கி, அதில் 200 கிலோவையும் ஓர் உயிரையும் தொங்கவிடுவதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. வீட்டில் கட்டும் விமானத்துக்கு நல்ல அசல் பேரிங்கே ஓரிரு நாள் பறக்கும் பெட்ரோல் செலவுக்குள் அடங்கிவிடும்.

மாற்றிய தேதியும், அதுவரை ஓடிய நேரமும் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். விவரமானவர் இதற்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதுவார்: டிரெய்லரில் எத்தனை மைல் போயிற்று என்பது.

கழற்றிய பழைய பேரிங்கைச் சிலர் குப்பையில் போடுவது இல்லை. ரம்பத்தால் அறுத்துப் பார்ப்பார்கள். வளையத்தின் உட்புறத்தில் குண்டுகள் ஓடிய தடம் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால், கெடு முடிந்து ஓய்வு பெற்ற பேரிங் அது. தடத்தில் சாம்பல் நிறமாகச் சொறி விழுந்து, இரும்பு செதிள் செதிளாகப் பெயர்ந்து இருந்தால், நல்ல வேளையாக மாற்றினோம் என்று பெருமூச்சு விடுவார்கள்.

சில சமயம் வேறொரு காட்சி தெரியும். செம்பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே இடைவெளி. குண்டுக்கும் குண்டுக்கும் எவ்வளவு இடைவெளியோ, அதே அளவு. ஆகாயத்தில் விழுந்த பள்ளங்கள் அல்ல அவை. ரோட்டில் விழுந்தவை. அதைப் பார்த்தவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரில் விமானத்தை ஏற்றுவதற்கு முன்னால், ஸ்பேனரை எடுத்து முதலில் இறக்கைகளைக் கழற்றுவார்.